1260 டிகிரி தாங்கும் ஜாக்கெட்: எதைத் தாங்கும், எதைத் தடுக்கும்?

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் ஸ்டீம் ஓடும் ஏதாவது ஒரு யூனிட்டுக்குள் போய், வால்வின் மேல் கட்டியிருக்கும் சாம்பல் நிறத் துணி உறையைக் காட்டி இது என்ன என்று கேட்டுப் பாருங்கள். "ஹீட் புரூஃப் சார், 1260 டிகிரி தாங்கும்" என்று பதில் வரும். சொல்பவர் பெரும்பாலும் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து ஃபிட்டராக இருப்பார். கடைக்காரர் சொன்னதை அவர் சொல்கிறார். கடைக்காரர் கேட்லாக்கில் இருந்ததைச் சொன்னார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வால்வுக்குள் ஓடும் ஸ்டீம், 7 கிலோ அழுத்தத்தில், 170 டிகிரிதான் இருக்கும். 170-க்கு 1260 எதற்கு? அந்தப் பெரிய எண்ணால் பாய்லரில் எரியும் டீசல் மிச்சமாகுமா? கை சுடாமல் இருக்குமா?

இரண்டுக்கும் அந்த எண்ணுக்கும் ஏறக்குறையச் சம்பந்தமே இல்லை. இந்த உறையைப் பற்றிய குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. அதனால் அடியிலிருந்து வருவோம்.

நேராக ஓடும் பைப்புக்கு ராக்வூல் என்ற பாறை நாரைச் சுற்றி, மேலே அலுமினியத் தகடு அடித்துவிடுவார்கள். அது நிரந்தரம். வால்வு, ஃபிளாஞ்ச் (இரண்டு பைப்பைப் போல்ட் போட்டு இணைக்கும் வளையம்), ஸ்ட்ரெய்னர் (லைனில் வரும் அழுக்கைப் பிடிக்கும் வடிகட்டி), டி.ஜி. செட்டின், அதாவது டீசல் ஜெனரேட்டரின், எக்ஸாஸ்ட் பெல்லோஸ் (புகைக்குழாயில் வரும் வளையும் இணைப்பு) போன்றவை அப்படி இல்லை. வால்வுத் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கிளாண்ட் பேக்கிங்கை மாற்ற வேண்டும், ஃபிளாஞ்ச்களுக்கு நடுவில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போய்விடும், ஸ்ட்ரெய்னரைக் கழுவ வேண்டும். தகடு அடித்திருந்தால், பழுதுபார்க்க லைனை நிறுத்தும் முதல் ஷட்டவுனில் அதைப் பிய்த்துப் போடுவார்கள். திரும்ப யாரும் அடிப்பதில்லை. அதனால்தான் கழற்றி மாட்டக்கூடிய, வளையக்கூடிய, தைத்த உறை வந்தது. தொழிலில் இதை ஜாக்கெட் என்றும் பிளாங்கெட் என்றும் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். இங்கே தைத்து முடித்த உறையை ஜாக்கெட் என்றும், அதற்குள் நிரப்பும் நார்ச் சுருளைப் பிளாங்கெட் என்றும் வைத்துக்கொள்வோம்.

கரித்துணியில் இருக்கும் இயற்பியல்

அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் கரித்துணியை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த துணியை நாலாக மடித்துப் பிடித்தால் இறக்கிவிடலாம். அதே துணி ஈரமாக இருந்தால் கை சுட்டுவிடும். காய்ந்த துணியையே ஒரே மடிப்பில் இறுக்கிப் பிடித்தாலும் கொஞ்ச நேரத்தில் சுடும். துணி அதே துணி, பாத்திரம் அதே பாத்திரம். மாறியது துணிக்குள் இருக்கும் காற்று மட்டும்தான்.

வெப்பத்தைத் தடுக்கும் வேலையில் பெரும் பங்கு அந்தக் காற்றினுடையது. காற்றை அசையாமல் பிடித்து வைப்பது பஞ்சின் வேலை. மடித்தால் காற்று அடுக்கு தடிக்கிறது. இறுக்கினால் காற்று வெளியேறுகிறது. நனைத்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் உட்காருகிறது. வால்வு ஜாக்கெட்டில் நடப்பதும் இதேதான். துணிக்குப் பதில் கண்ணாடி நாரும் செராமிக் நாரும், அடுப்புக்குப் பதில் பாய்லர்.

இதை அளந்து சொல்ல ஓர் அளவு உண்டு: வெப்பக் கடத்துதிறன். ஒரு பொருளின் வழியாக வெப்பம் எவ்வளவு எளிதாகக் கடந்து போகிறது என்பதைக் காட்டும் எண் அது. எண் சிறியதாக இருந்தால் நல்ல காப்பு. அசையாத காற்றுக்குச் சாதாரண வெப்பநிலையில் 0.026. தண்ணீருக்கு 0.6, அதாவது காற்றைப் போல இருபது மடங்குக்கும் மேல். கண்ணாடிக்கு ஏறத்தாழ 1. சாதாரண இரும்புக்கு 50 பக்கம். கண்ணாடி 1 என்றால் கண்ணாடி நாரால் செய்த கிளாஸ்வூல் எப்படி 0.04-க்குள் வருகிறது? அதன் கன அளவில் பெரும்பகுதி காற்றுதான். நார் கொஞ்சம், காற்று நிறைய.

வெப்பம் போகும் மூன்று வழி

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் இங்கே மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. பொருள் வழியாகத் துகளுக்குத் துகள் கைமாறிப் போவது கடத்தல். சூடான காற்று எழுந்து, குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வந்து, ஓடும் காற்றோடு வெப்பமும் ஓடுவது சலனம். எந்தப் பொருளும் இடையில் இல்லாமல், ஒளியைப் போலவே அலையாகப் பாய்வது கதிர்வீச்சு.

நார்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மிகச் சிறியது என்பதால் காற்று சுற்றி ஓட முடியாது. எனவே சலனம் அடங்கிவிடுகிறது. கடத்தலுக்குக் காற்றே மோசமான பாதை; நார் வழியாகப் போகலாம் என்றாலோ, நார்கள் ஒன்றையொன்று அங்கங்கே புள்ளி புள்ளியாகத்தான் தொடுகின்றன. மிஞ்சுவது கதிர்வீச்சு. தொல்லை பிடித்தது அதுதான்.

கதிர்வீச்சு வெப்பநிலையோடு நேராக ஏறுவதில்லை. நான்காம் அடுக்கில் ஏறுகிறது. இந்தக் கணக்குக்கு வெப்பநிலையைக் கெல்வினில், அதாவது செல்சியஸோடு 273 கூட்டி, எடுக்க வேண்டும். 27 டிகிரியில் இருக்கும் பொருள் 300 கெல்வின். 170 டிகிரி வால்வு 443 கெல்வின். வால்வின் கதிர்வீச்சு அந்தப் பொருளைப் போல ஏறத்தாழ 5 மடங்கு. 500 டிகிரி எக்ஸாஸ்ட் பைப் 773 கெல்வின். அதன் கதிர்வீச்சு 44 மடங்கு! சூடு ஏற ஏற, நார்களுக்கு இடையே உள்ள இடைவெளியே கதிர்வீச்சுக்குப் பாதையாகிவிடும். அதனால்தான் ஒரே செராமிக் பிளாங்கெட்டின் கடத்துதிறன் 600 டிகிரியில் ஏறத்தாழ 0.15-க்கு வந்துவிடுகிறது, 1000 டிகிரியில் அதன் இரு மடங்கை நெருங்கும். ஒரே ஒரு கடத்துதிறன் எண்ணைக் காட்டி விற்றால், "இது எந்த வெப்பநிலையில் அளந்தது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி கேட்காமல் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

அடர்த்தியின் பங்கும் இங்கேதான் வருகிறது. செராமிக் பிளாங்கெட் கன மீட்டருக்கு 96 கிலோ, 128 கிலோ என்று கிடைக்கும். மிதமான சூட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சூடு கூடினால் 128 முந்திக்கொள்ளும், ஏனென்றால் நெருக்கமான நார்கள் கதிர்வீச்சை வழியில் மறிக்கின்றன.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: தடுப்பது பெரும்பாலும் அசையாத காற்று, நார் அதைப் பிடித்து வைக்கிறது, அதிக சூட்டில் கதிர்வீச்சை மறிக்கும் கூடுதல் வேலையும் நாருக்கு வந்து சேர்கிறது.

தாங்குவது வேறு, தடுப்பது வேறு

இனி அந்த 1260-க்கு வருவோம். அது ஜாக்கெட்டுக்குள் இருக்கும் செராமிக் நாரின் வகைப்பாட்டு வெப்பநிலை. பிளாங்கெட்டை உலையில் அந்த வெப்பநிலையில் 24 மணி நேரம் வைத்து எடுத்தால், குறிப்பிட்ட அளவுக்கு மேல் சுருங்கக் கூடாது. அவ்வளவுதான் அதன் பொருள். தினமும் அந்தச் சூட்டில் ஓட்டலாம் என்று அது சொல்லவில்லை. தொடர்ந்து ஓட்டும் வரம்பு அதைவிட நூறு டிகிரிக்கு மேல் குறைவாகவே வைக்கப்படும். வெளியே எவ்வளவு வெப்பம் கசியும் என்பதைப் பற்றி அந்த எண் வாயே திறப்பதில்லை.

170 டிகிரி வால்வுக்கு, ஊசியால் குத்திப் பின்னிய கண்ணாடி நார் மேட் ஒன்றும், அதே தடிமனில் 1260 செராமிக் ஒன்றும் போட்டுப் பாருங்கள். கசியும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். செராமிக்குக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அங்கே வீண். என்னைக் கேட்டால் வீண் மட்டுமில்லை. தேவையில்லாத இடத்தில் அதன் தூசியையும் சேர்த்து வாங்குகிறோம். அதைப் பற்றிப் பிறகு.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் அடுக்ககங்களின் கீழ்த்தளத்தில் நிற்கும் பெரிய டி.ஜி. செட்டை எடுத்துக்கொள்வோம். முழு லோடில் அதன் எக்ஸாஸ்ட் 400 முதல் 550 டிகிரி வரை போகும். அங்கே சாதாரணக் கண்ணாடி நார் தன் எல்லையைத் தொட்டுவிடும். நாளடைவில் நொறுங்கிப் பொடியாகும். அந்த இடத்தில் சூட்டைத் தாங்கும் நார் கட்டாயம் வேண்டும். ஆக முதல் கேள்வி, இந்தச் சூட்டை இந்த நார் தாங்குமா. அதில் தேறிய பிறகு வரும் கேள்வி, எவ்வளவு தடுக்கும். முதல் கேள்வியின் விடையை இரண்டாவதற்கும் விடையாக எடுத்துக்கொள்வதுதான் நடைமுறையில் நடக்கிறது.

வெல்டிங் போர்வையையும் இதோடு குழப்புகிறார்கள். வெல்டிங் பொறி விழுந்தால் பற்றாமல் இருப்பதற்கான ஒற்றைத் துணி அது. அதற்குள் காற்று அடுக்கு இல்லை. அதை வால்வில் சுற்றினால் துணி எரியாது, வெப்பம் தாராளமாக வெளியே வரும்.

ஜாக்கெட்டின் உள்ளே

ஒரு ஜாக்கெட்டை அறுத்துப் பார்த்தால் மூன்று அடுக்கு. இரும்பைத் தொடும் பக்கம் உள்துணி, நடுவில் நார் நிரப்பு, நாம் தொடும் பக்கம் வெளித்துணி. இவை போக நூல், குத்தூசி, கொக்கி, பட்டை.

ஒவ்வோர் அடுக்கும் வெவ்வேறு சூட்டில் வாழ்கிறது. அதனால் துணியும் வேறு வேறு. ஸ்டீம் வேலைக்கு உள்துணியாகக் கண்ணாடி நார்த் துணி போதும். எக்ஸாஸ்ட் என்றால், 1000 டிகிரிக்கு அருகே தாங்கும் சிலிக்காத் துணியோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையோ போடுவார்கள். வெளித்துணி பெரும்பாலும் சிலிகான் பூசிய கண்ணாடி நார்த் துணி. தண்ணீரும் எண்ணெயும் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அந்தச் சிலிகான் பூச்சின் எல்லை ஏறத்தாழ 260 டிகிரி. நிரப்பு 1260 தாங்கினாலும் வெளித்துணி 260-தான் தாங்கும், தைத்த நூல் அதற்குரிய அளவுதான் தாங்கும். ஆகவே "1260 டிகிரி ஜாக்கெட்" என்று ஒன்று கிடையவே கிடையாது. 1260 என்பது அதற்குள் இருக்கும் பிளாங்கெட்டின் எண்.

கெட்டுப்போன ஜாக்கெட்டுகளைப் பார்த்தால் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பழுது ஓரத்தில்தான். தையல் ஓடும் இடத்தில் நிரப்பு நசுங்கித் தடிமன் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது. அங்கே வெப்பத்துக்கு நேர் வழி. இரண்டு முனை சேரும் இடத்தில் விரல் நுழையும் இடைவெளி விட்டால், உள்ளே சூடான காற்று அதன் வழியாகப் புகைபோக்கி மாதிரி ஏறும். சலனம் திரும்பி வந்துவிட்டது. நிரப்பு நழுவாமலிருக்கக் குத்தும் உலோக ஊசியும் ஒரு சிறிய பாலம்தான், அதன் தலை சுற்றுப்புறத் துணியைவிடச் சூடாக இருக்கும். நல்ல தையற்காரர் மூடும் இடத்தில் ஒரு மடலை மேலே படியவிட்டுத் தைப்பார். ஊசித் தலை கை படும் பக்கம் வராமல் பார்த்துக்கொள்வார். வெல்க்ரோ ஒட்டுப் பட்டை வேலைக்கு வசதிதான், ஆனால் அதைச் சூடு குறைந்த வெளிப்பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டும். இல்லையென்றால் உருகி வழியும்.

அப்புறம் அந்த முதல் நாள் புகை. புது ஜாக்கெட் மாட்டி லைனைத் திறந்ததும் வாடை வரும், லேசாகப் புகையும் வரலாம். பயந்து கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. ராக்வூலில் நார்களை ஒட்ட வைக்கும் பிசினும், துணி நெய்யும்போது நூலில் பூசும் பொருளும் 200 டிகிரிக்கு மேல் கருகி வெளியேறுவதுதான் அது. காற்றோட்டம் வைத்துக்கொண்டு மெதுவாகச் சூடேற்றினால், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். ஊசியால் பின்னிய மேட்டில் பிசின் இல்லை, அதனால் இந்தத் தொல்லை குறைவு. மறுநாளும் அதற்கு மறுநாளும் புகை தொடர்ந்தால் மட்டும் வேறு ஏதோ எரிகிறது என்று பொருள், பெரும்பாலும் எண்ணெய்.

ஏரோஜெல் என்றொரு பொருளையும் இப்போது கேள்விப்பட்டிருப்பீர்கள். 1931-இல் அமெரிக்கரான சாமுவேல் கிஸ்ட்லர் முதலில் வெளியிட்டார். சிலிக்காவில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். ஒரு காற்று மூலக்கூறு அடுத்த மூலக்கூறில் மோதுவதற்கு முன் துளையின் சுவரில் மோதிவிடும் அளவு சிறியவை. அதனால் உள்ளே இருக்கும் காற்று, திறந்த வெளிக் காற்றைவிடவும் குறைவாகத்தான் வெப்பத்தைக் கடத்துகிறது. நார் மேட்டில் ஏற்றி வளையும் பிளாங்கெட்டாக விற்கிறார்கள், 650 டிகிரி வரை தாங்கும் வகையும் கிடைக்கும். விலை அதிகம். கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை, நெருக்கமான பைப் ரேக் என்று தடிமனுக்கு இடமே இல்லாத இடங்களுக்கு நியாயமான தேர்வு. நம் பாய்லர் ஷெட்டில் இடப் பஞ்சம் பொதுவாக இல்லை.

தடிமன்: முதல் சில மில்லிமீட்டர்தான் ராஜா

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 170 டிகிரியில் ஒரு சதுர மீட்டர் திறந்த இரும்புப் பரப்பு, ஷெட்டுக்குள் 28 டிகிரி, காற்று வீசவில்லை. கதிர்வீச்சும் சலனமும் சேர்ந்து ஏறத்தாழ 2500 வாட் வெளியேறும். அதன் மேல் 0.05 கடத்துதிறன் உள்ள நிரப்பைப் போடுகிறோம். 10 மில்லிமீட்டர் போட்டால் 470 வாட். 20 போட்டால் 285. 40 போட்டால் 160. 80 போட்டால் 85.

முதல் 10 மில்லிமீட்டரே 2000 வாட்டுக்கு மேல் நிறுத்திவிட்டது. கடைசி 40 மில்லிமீட்டர் சேர்ந்து நிறுத்தியது வெறும் 75 வாட். ஓர் அளவுக்கு மேல் தடிமனைக் கூட்டுவது பணத்தை வால்வின் மேல் சுற்றுவதற்குச் சமம். கூடவே, தடித்த ஜாக்கெட் வளையாது. வளையாவிட்டால் ஓரத்தில் இடைவெளி விழும். இடைவெளி விழுந்தால் தடிமனால் வந்த லாபமும் போச்சு. 170 டிகிரி லைனுக்கு 40 முதல் 50 போதும் என்பது என் கணிப்பு. 500 டிகிரி எக்ஸாஸ்டுக்கு இது போதாது, அங்கே கணக்கைத் தனியாகப் போட வேண்டும்.

இதைப் பணமாக மாற்றலாம். வால்வையும் அதன் இரு ஃபிளாஞ்ச்களையும் சேர்த்து அரை சதுர மீட்டர் பரப்பு என்று வைத்துக்கொண்டால், திறந்த நிலையில் 1250 வாட், நாள் முழுவதும் ஓடினால் 30 யூனிட். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் வெப்பம் இருக்கிறது. பாய்லர் 80 சதவீதத் திறனில் ஓடினால், அந்த ஒரு வால்வு மட்டும் தினமும் மூன்றே முக்கால் லிட்டர் டீசலைக் குடிக்கிறது. 40 மில்லிமீட்டர் ஜாக்கெட் போட்டால் கால் லிட்டர். மைசூர் ரோட்டிலும் பொம்மனஹள்ளியிலும் துணி தைக்கும் ஃபாக்டரிகளில் இஸ்திரி மேசைக்கு ஸ்டீம் கொண்டுபோகும் லைனில் எத்தனை வால்வு திறந்து நிற்கிறது என்று எண்ணினால், மீதிக் கணக்கை அந்த ஃபாக்டரி மேனேஜரே போட்டுக்கொள்வார்.

கடையிலிருந்து நம் லைனுக்கு வரும்போது மறக்கப்படும் ஒன்று: இந்தத் தடிமன் எல்லாம் நசுங்காத தடிமன். 50 மில்லிமீட்டர் பிளாங்கெட்டைப் பட்டை போட்டு இறுக்கி 30 ஆக்கினால் கிடைப்பது 30-இன் பலன்தான், கொஞ்சம் முன்னே பின்னே. உறுதியாக நிற்க வேண்டும் என்று இறுக்குகிறார்கள். நழுவாமல் நின்றால் போதும்.

தொட்டால் சுடுமா?

ஜாக்கெட் போடும் இன்னொரு காரணம் பாதுகாப்பு. வெளிப்பரப்பு 60 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது தொழிலில் பரவலாகப் பின்பற்றும் வரம்பு. தெரியாமல் கை பட்டு, உடனே இழுத்துக்கொண்டால் தோல் கெடாது என்பதை வைத்து வந்தது அது. 60 டிகிரியில் இருக்கும் துணியும் 60 டிகிரியில் இருக்கும் இரும்பும் கைக்கு ஒன்றுபோல இருக்காது. இரும்பு வெப்பத்தை வேகமாகக் கைக்குத் தள்ளிவிடும், துணி தயங்கித் தயங்கித்தான் தரும்.

இந்த இடத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஒரே பைப்புக்கு ஒரே தடிமன் காப்புப் போட்டு, ஒன்றின் மேல் பளபளக்கும் அலுமினியத் தகடும் மற்றொன்றின் மேல் மங்கலான துணியும் போட்டால், எது அதிகம் சுடும்? தகடுதான். காரணம் உமிழ்திறன், அதாவது ஒரு பரப்பு தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியே விடும் திறன். துணிக்கு அது 0.9 பக்கம், புது அலுமினியத் தகட்டுக்கு 0.1-ஐ ஒட்டி. தகடு வெப்பத்தை எளிதில் விடாததால் அதன் மேற்பரப்புச் சூடு ஏறி நிற்கிறது. மொத்தமாக வெளியேறும் வெப்பம் அங்கே கொஞ்சம் குறைவுதான், ஆனால் கை படும்போது சுடுவது அதுதான்.

இதே காரணத்தால்தான் துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஏமாற்றுகிறது. அந்தக் கருவிகளில் பலவற்றை 0.95 உமிழ்திறனுக்கு வைத்து விற்கிறார்கள். பளபளக்கும் தகட்டின் மேல் நீட்டினால் 35 என்று காட்டும்; அந்தத் தகடு 70-இல் இருக்கலாம். தகட்டில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, சற்று நேரம் விட்டு, அந்த டேப்பின் மேல் அளந்தால் உண்மை தெரியும்.

எங்கே போடக் கூடாது

காப்புப் போட்டால் உள்ளே இருக்கும் பொருள் குளிர்ச்சியாக இருக்கும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. நேர்மாறாக, வெப்பம் வெளியேற வழி அடைபடுவதால் உள்ளிருக்கும் இரும்பு இன்னும் சூடாகும். எக்ஸாஸ்ட் பைப்பைச் சுற்றினால் ரூம் குளிரும், பைப் கொதிக்கும்.

ஆகவே வெப்பத்தை விட்டால்தான் வேலை செய்யும் பாகங்களை மூடக் கூடாது. மோட்டாரைச் சேர்த்து மூடாதீர்கள். வால்வின் மேல் உட்கார்ந்து அதைத் திறந்து மூடும் மின் ஆக்சுவேட்டரையும், பேரிங்குகளையும்கூட. ஸ்டீம் டிராப் என்பது ஸ்டீமை விடாமல், ஸ்டீம் ஆறிய தண்ணீரான கண்டன்சேட்டை மட்டும் வெளியே விடும் கருவி. டிஸ்க் வகை ஸ்டீம் டிராப்பும் தெர்மோஸ்டாட்டிக் வகையும், தம்மிடமுள்ள ஸ்டீம் அல்லது கண்டன்சேட் ஆறுவதை நம்பித்தான் திறக்கின்றன. அவற்றைப் போர்த்திவிட்டால் திறக்கத் தாமதமாகும், லைனில் தண்ணீர் தேங்கும். மிதவை வகைக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதை மூடலாம். சேஃப்டி வால்வு வெளியே தள்ளும் வழியையும் அதன் நெம்புகோலையும் எந்தக் காரணத்துக்காகவும் மறைக்கக் கூடாது. 400 டிகிரிக்கு மேல் ஓடும் ஃபிளாஞ்ச்சை மூடுவதற்கு முன், அதன் போல்ட்டுகள் அந்தச் சூட்டுக்குத் தகுந்தவையா என்று டிசைன் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். திறந்திருந்தபோது ஆறிக்கொண்டிருந்த போல்ட், மூடிய பிறகு ஃபிளாஞ்ச்சோடு சேர்ந்து சூடேறித் தளரக்கூடும்.

மழையும் எண்ணெயும்

பெங்களூரில் மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை மழைக்கு நேரம் காலம் கிடையாது. மொட்டை மாடியில் பாய்லர் வைத்த ஹோட்டல்களும் லாண்டரிகளும் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன. ஜாக்கெட்டின் மேல்பக்கத் தையல் துளைகள் வழியே தண்ணீர் இறங்கும். கரித்துணியை நனைத்த கதைதான். காற்று போய்த் தண்ணீர் வந்தால் காப்பு போய்விட்டது. மேலும் ஒரு கெடுதல்: 50 முதல் 175 டிகிரி வரை ஓடும் சாதாரண இரும்புப் பைப்பில், ஈரமான காப்புக்குக் கீழே துரு வேகமாகப் பிடிக்கும். வெளியே பார்க்க ஜாக்கெட் அழகாக இருக்கும், உள்ளே பைப் மெலிந்துகொண்டிருக்கும். மூடும் மடல் கீழ்ப்பக்கம் வரும்படி மாட்டுவதும், தாழ்வான இடத்தில் தண்ணீர் வடிய ஒரு சிறு ஓட்டை வைப்பதும் செலவில்லாத வேலைகள். அந்த ஓட்டையில் சொட்டு விழுந்தால் உள்ளே கேஸ்கெட் கசிகிறது என்று தெரிந்துகொள்ளவும் உதவும்.

எண்ணெய் அதைவிட ஆபத்து. டீசலோ லூப் ஆயிலோ கசிந்து நார்களுக்குள் ஊறினால், அது மெல்லிய படலமாகப் பரவி நிறையக் காற்றைத் தொடும், வெப்பம் வெளியேற வழி இருக்காது. சூடான பரப்பின் மேல் அப்படியே இருந்தால் தானாகவே புகைந்து தீப்பிடிக்கலாம். டி.ஜி. ரூமில் எண்ணெய் ஊறிய ஜாக்கெட்டைத் துடைத்து வைத்துக்கொள்வதில் பயனில்லை, மாற்றிவிட வேண்டும்.

தூசி

பழைய யூனிட்டுகளில் இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் கயிறும் துணியும் சுற்றிய லைன்கள் இருக்கலாம். வெள்ளையும் சாம்பலுமாக, பிய்ந்து தொங்கும். அது சந்தேகத்துக்கு இடமில்லாத புற்றுநோய்க் காரணி. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் குழுவில் வைத்திருக்கிறது. அதைத் தெரியாமல் பிய்க்கவே கூடாது. 1260 வகை அலுமினா-சிலிக்கா செராமிக் நார் அதே பட்டியலில் 2பி, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற குழு. காப்புக்கான கிளாஸ்வூல், ராக்வூல் மூன்றாம் குழுவில், வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்ற இடத்தில், இருக்கின்றன. தேவையில்லாத இடத்தில் செராமிக் வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இதுதான் காரணம். உடலின் திரவங்களில் கரையும்படி செய்த நார்களும் சந்தையில் வந்துவிட்டன. அதிக சூட்டுக்கு நார் வேண்டுமென்றால் முதலில் அதைக் கேட்பது நல்லது.

மாட்டும்போது பறக்கும் தூசியைவிட, வருஷக்கணக்கில் வெந்த பிறகு கழற்றும்போது பறக்கும் தூசி மோசம். 1000 டிகிரிக்கு மேல் நெடுநாள் இருந்த செராமிக் நாரில் கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்காப் படிகம் உருவாகும், அதைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு. என்95 முகக்கவசம், முழுக்கைச் சட்டை, கையுறை. வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காமல் இருப்பது. கர்ச்சீப் கட்டிக்கொள்வது கணக்கில் வராது.

தைக்கக் கொடுக்கும்போது

பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோட்டுக் கடைகளில் பிளாங்கெட்டை ரோலாக வாங்கி நீங்களே சுற்றலாம். தைக்கும் ஆளைக் கூப்பிட்டு அளவெடுக்கவும் சொல்லலாம். எப்படியானாலும் "நாலு இன்ச் வால்வுக்கு ஒன்று" என்று சொல்லி ஆர்டர் கொடுத்தால், அவர் கையில் இருக்கும் ஏதோ ஒன்றைத்தான் தைத்துக் கொடுப்பார். உள்ளே ஓடுவது என்ன, அதிகபட்சச் சூடு எவ்வளவு, வெளிப்பரப்பு எத்தனை டிகிரிக்குள் வேண்டும், மழை படுமா, எண்ணெய் தெறிக்குமா, வருஷத்துக்கு எத்தனை தடவை கழற்றுவீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அவரிடமிருந்து உள்துணி, நிரப்பு, வெளித்துணி, நூல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வரம்பை எழுதி வாங்குங்கள். மொத்தத்துக்கும் ஒரே எண்ணை எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள்.

ஒவ்வொரு ஜாக்கெட்டிலும் அந்த வால்வின் டேக் நம்பரைப் பொறித்த சின்ன ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டைச் சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். ஷட்டவுனில் இருபது ஜாக்கெட்டைக் கழற்றி ஒரே மூலையில் குவித்துவிட்டு, பிறகு எது எதற்கு என்று தெரியாமல் கிடைத்ததை மாட்டி, பொருந்தாததைக் கம்பியால் இறுக்கிக் கட்டுவார்கள். அதற்கப்புறம் 1260 எழுதியிருந்தாலும் ஒன்றுதான், எழுதாவிட்டாலும் ஒன்றுதான்.